இடம் மாறுவதற்கு உரிய நேரம் எது? பல் வைத்தியரின் கணக்கில் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

வியாபாரம் சற்று மந்தமானால் நம்மில் பலர் முதலில் குறை சொல்வது இடத்தைத்தான். "இடம் சரியில்லை, மெயின் ரோட்டுக்குப் போனால் யாவாரம் பிடித்துவிடும்" என்ற பேச்சை எந்தக் கடைத்தெருவிலும் கேட்கலாம். மறுபுறத்தில், நிற்கவும் இடமில்லாத நெருக்கடியிலும் "இது ராசியான கடை" என்று சொல்லி இருபது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களும் உண்டு. இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றுதான். இருவருமே கணக்குப் பார்க்காமல் முடிவெடுக்கிறார்கள்.

இடம் மாறுவது பற்றிய பாடத்தைப் படிப்பதற்குப் பற்சிகிச்சை நிலையம் மிகப் பொருத்தமான உதாரணமாகும். புடவைக் கடைக்காரர் தனது சாமான்களை லொறியில் ஏற்றி ஒரே இரவில் இடம் மாறிவிடலாம். பல் வைத்தியரால் அது முடியாது. நோயாளர் சாய்ந்திருக்கும் அந்த ஒரு கதிரைக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்சார வயர் எல்லாம் வரவேண்டும். பெரும்பாலும் இவை தரைக்கு அடியிலேயே பதிக்கப்படுகின்றன. கொம்பிரசர் வைக்க ஓரிடம், கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்க ஓரிடம், எக்ஸ்ரே இருந்தால் அதற்கொரு பாதுகாப்பான இடம் என எல்லாமே தேவை. ஒருமுறை பதித்ததைப் பெயர்த்தெடுத்தால் போட்ட பணத்தில் பெரும்பகுதி பழைய கட்டிடத்திலேயே தங்கிவிடும். ஆகவே பிழையாக மாறினால் நட்டம் பெரிது. அவர் பார்க்க வேண்டிய கணக்கை அறிந்துகொண்டால் பாமசி, ஹாட்வெயார், தையற்கடை, ஸ்டூடியோ என எந்தத் தொழிலுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

வருமானம் குறைந்ததற்கு இடம்தான் காரணமா என்பதை முதலில் நிச்சயப்படுத்த வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலரின் பெறுமதி அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பல் அடைக்கும் பொருள், விறைப்பு ஊசி மருந்து, கையுறை என பல் வைத்தியர் பாவிக்கும் பெரும்பாலான பொருட்கள் இறக்குமதியானவை. மின்சாரக் கட்டணமும் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அந்தக் காலத்தில் இலாபம் சுருங்கியதற்கு எந்த வீதியும் காரணமல்ல. அன்று இடம் மாறியவர் அதே விலைவாசியைப் புதிய வாடகையோடு சேர்த்துச் சுமந்தார்.

எனவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: ஊரே மந்தமா, நாம் மட்டுமா? பக்கத்துப் பாமசியிலும் சனம் குறைவு என்றால் பிரச்சினை ஊருக்குரியது.

இரண்டு: குறைந்திருப்பது புதிய நோயாளரா, பழைய நோயாளரா? பழையவர்கள் திரும்பி வராவிட்டால் காரணம் பெரும்பாலும் காத்திருக்கும் நேரம், கட்டணம், கைப்பக்குவம், வரவேற்பவரின் பேச்சு ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். இந்தக் குறைகள் கதிரையோடு சேர்ந்து லொறியில் ஏறிப் புதிய இடத்துக்கும் வந்துவிடும். பழையவர்கள் தவறாமல் வந்தும் புதியவர்கள் மட்டும் குறைந்தால், இடத்தைச் சந்தேகிப்பதில் நியாயமுண்டு. பஸ் தரிப்பிடம் இடம் மாறியிருக்கலாம், வீதி ஒருவழிப் பாதையாகியிருக்கலாம், முன்னால் எழுந்த கட்டிடம் பெயர்ப்பலகையை மறைத்திருக்கலாம்.

மூன்று: வருகிறவர்களை நேரமில்லை என்று திருப்பி அனுப்புகிறோமா? அப்படியானால் வியாபாரம் மந்தமில்லை. நமது கொள்ளளவுதான் நிரம்பியிருக்கிறது. இதற்கான வைத்தியம் வேறு.

வருவோர் எங்கிருந்து வருகிறார்கள்?

வியாபாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போகிற வழியில் கண்டு நுழைகிறவரை நம்பியது. மற்றது, தேடி வருகிறவரை நம்பியது. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலிவரை தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது தூரப் பயண வாகனங்களில் ஒரு பகுதி காலி வீதியை விட்டு அதற்கு மாறியது. அவ்வாகனங்கள் நின்று போவதை நம்பிய வீதியோரத் தேநீர்க் கடைக்கு அது பாதிப்பு. அதே ஊரிலிருந்த பல் வைத்தியருக்கு அதனால் பாதிப்பில்லை. அவரிடம் வருபவர்கள் அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழ்பவர்கள். உங்கள் தொழில் இவ்விரண்டில் எந்த வகை என்று தெரியாமல் பிரதான வீதியின் வாடகையைக் கொடுக்க முன்வரக் கூடாது.

இதை அறிவதற்கு ஆய்வு நிறுவனம் எதுவும் தேவையில்லை. கடந்த 12 மாத நோயாளர் அட்டைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள ஊரின் பெயரை ஒரு கொப்பியில் எழுதிக் கோடு போடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். பத்தில் ஆறு பேர் நகரத்தின் வடக்குப் பக்கக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தால், தெற்குப் பக்கத்தில் எவ்வளவு அழகான கட்டிடம் கிடைத்தாலும் அது உங்களுக்குரியதல்ல. அந்த ஆறு பேரும் இன்னொரு பஸ் ஏற வேண்டிவரும். வழியில் வேறு பல் வைத்தியர் ஒருவர் இருப்பார்.

எப்படி வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் பல் வைத்தியர்கள் கடமை நேரம் முடிந்த பின்னரே தனியார் கிளினிக் நடத்துகிறார்கள். ஆதலால் நம் ஊர்களில் பல கிளினிக்குகள் மாலையிலும் இரவிலும்தான் இயங்குகின்றன. இரவு எட்டரை மணிக்குப் பிள்ளையோடு வெளியே வரும் ஒரு தாய்க்குத் தெருவிளக்கு உண்டா, பஸ் உண்டா, முச்சக்கர வண்டி நிற்குமா என்பவை கட்டிடத்தின் கண்ணாடிக் கதவைவிட முக்கியமானவை. பல் வைத்தியரைத் தேடி வருவோரில் முதியவர்கள் அதிகம். மாடியில் வாடகை குறைவு என்று போனால், கட்டுப்பல் செய்ய வரும் எழுபது வயதுக்காரர் படிக்கட்டைப் பார்த்தே திரும்பிவிடுவார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்திற்கான எண்களே. உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு பல் வைத்தியர் மாலை 4.30 முதல் 9.30 வரை ஒரே கதிரையில் வேலை செய்கிறார். ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 10 பேர். மாதம் 25 நாட்களில் 250 பேர். ஒருவரிடம் சராசரியாக 3,500 ரூபா பெறுகிறார். அதில் மருந்து, பொருட்கள், ஆய்வுகூடச் செலவு 1,000 ரூபா போக 2,500 ரூபா மிஞ்சுகிறது. இப்போதைய வாடகை 40,000 ரூபா. பிரதான வீதியில் கேட்கப்படும் வாடகை 90,000 ரூபா. தரை வேலை, குழாய், வயரிங், தடுப்புச் சுவர், பெயர்ப்பலகை, கதிரையைக் கழற்றிப் பூட்டும் கூலி எல்லாம் சேர்த்து 18 இலட்சம் ரூபா. குத்தகை ஆறு வருடம், அதாவது 72 மாதங்கள்.

18 இலட்சத்தை 72 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 25,000 ரூபா. வாடகை வித்தியாசம் 50,000 ரூபா. ஆக, மாதாந்தம் 75,000 ரூபா மேலதிகச் செலவு. இதை ஈடுசெய்ய மாதம் 30 நோயாளர் கூடுதலாக வந்தால் போதும் என்று தோன்றும். நாளுக்கு ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதானே என்று மனம் சொல்லும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இடம் மாறும்போது பழைய நோயாளரில் ஒரு பகுதி கழன்றுவிடும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 25 பேர் போய்விடுவார்கள். ஆகவே தேவைப்படும் புதியவர்கள் 30 அல்ல, 55. அதைவிடப் பெரிய விடயம், இந்த வைத்தியரின் கதிரை ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. புதிய வீதியில் ஆயிரம் பேர் வந்து நின்றாலும் அவரால் பார்க்க முடிவது அதே 250 பேரைத்தான். கழன்ற 25 பேருக்குப் பதிலாகப் புதிய 25 பேர் வருவார்கள், அவ்வளவே. மேலதிகமான 75,000 ரூபா அவருடைய பையிலிருந்தே போகும். ஆறு வருடத்தில் அது 54 இலட்சம் ரூபா!

"நல்ல இடத்தில் கட்டணத்தைக் கூட்டலாமே" என்று சிலர் கேட்கலாம். 75,000 ரூபாவை 250 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 300 ரூபா. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 300 ரூபாவை இருக்கிற இடத்திலேயே கூட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியுமென்றால் வீடு மாறும் செலவில்லாமலே வருமானம் கூடும். முடியாதென்றால், அதே நோயாளர்கள் புதிய இடத்தில் மட்டும் எப்படிக் கொடுப்பார்கள்?

இனி, இரண்டாவது கதிரை போட்டு இன்னொரு வைத்தியரைச் சேர்ப்பதாக வைப்போம். கதிரைக்கு மேலும் 18 இலட்சம் என்றால் மாதம் இன்னொரு 25,000 ரூபா. மொத்த மேலதிகச் செலவு மாதம் ஒரு இலட்சம். புதிய வைத்தியருக்குக் கட்டணத்தில் 40 வீதம், அதாவது 1,400 ரூபா கொடுத்தால், பொருட் செலவும் போக நமக்கு மிஞ்சுவது ஒருவருக்கு 1,100 ரூபா. ஒரு இலட்சத்தை ஈடுசெய்ய அவர் மாதம் 91 பேரைப் பார்க்க வேண்டும். நாளுக்குச் சுமார் நான்கு பேர். அதற்கு மேல் வருபவரே இலாபம்.

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. நேரமில்லை என்று நாளுக்கு நான்கு பேருக்கு மேல் திருப்பி அனுப்புகிறீர்களா? இதை ஊகிக்க வேண்டாம். வரவேற்பு மேசையில் ஒரு கொப்பியை வைத்து, நேரம் கிடைக்காமல் போனவர்களை மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். மாறுவதா இல்லையா என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.

ஹாட்வெயார் கடைக்கு இந்தக் கதிரை என்பது களஞ்சியம். தையற்கடைக்கு அது தையற்காரரின் கை. எது நிரம்பியிருக்கிறதோ அதைப் பெரிதாக்காமல் இடத்தை மட்டும் மாற்றினால் வாடகைதான் பெரிதாகும்.

மாறியே ஆகவேண்டிய சந்தர்ப்பங்கள்

சில சந்தர்ப்பங்களில் இலாபக் கணக்குக்கு முன்னர் நட்டக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் முதலாவது. அக்குறணையில் பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போது வீதியோரக் கடைகளுக்குள் தண்ணீர் புகுவதை அந்நகர வர்த்தகர்கள் நன்கறிவர். 2016 மே மாதத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டியிலும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்களிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாட்டின் பல பாகங்களிலும் வியாபார நிலையங்கள் நீரில் மூழ்கின. பற்சிகிச்சை நிலையத்தில் விலையுயர்ந்த பொருட்கள் அனைத்தும் தரையோடு ஒட்டியே இருக்கின்றன. கொம்பிரசர், உறிஞ்சும் மோட்டார், கதிரையின் அடிப்பாகம் எதையும் அவசரத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. பத்து வருடத்தில் இரண்டு முறை தண்ணீர் வந்த இடத்தில், வாடகையோடு அந்த நட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் அது மலிவான இடமாக இருக்காது.

இரண்டாவது, கட்டிட உரிமையாளர் எழுத்தில் எதுவும் தர மறுப்பது. மூன்றாவது, வீதி அகலிப்புக்கோ விற்பனைக்கோ கட்டிடம் போகப்போவதாக நம்பகமான தகவல் கிடைப்பது. நான்காவது, கிருமி நீக்கத்துக்கும் கழிவகற்றலுக்கும் ஒழுங்கான இடமே இல்லாமை. இவை இருந்தால் கதிரை நிரம்பாவிட்டாலும் வேறு இடம் தேடத் தொடங்க வேண்டும்.

எந்த மாதத்தில் மாறுவது?

மாறுவது என்று முடிவான பின் நாள் குறிப்பதிலும் கணக்குண்டு. குத்தகை முடிய ஒரு மாதம் இருக்கும்போது இடம் தேடுபவர் கேட்ட வாடகையைக் கொடுத்தே ஆகவேண்டும். குறைந்தது ஒரு வருடம் மீதமிருக்கும்போது தேடத் தொடங்குபவர் பேரம் பேசலாம், பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். உரிமையாளரின் அறிவித்தல் கடிதம் வந்த பின்னர் எடுக்கப்படும் முடிவு நம்முடைய முடிவல்ல, அவருடைய முடிவு.

அடுத்து, கையிலுள்ள வேலை. வேர்ச் சிகிச்சைக்குப் பலமுறை வரவேண்டும். கட்டுப்பல்லுக்கு அளவெடுத்தல், பொருத்திப் பார்த்தல், கையளித்தல் எனப் பல தடவைகள் உண்டு. இவற்றை முடித்துக்கொண்டு மாறுவது போல் நாளைக் குறிக்கலாம். ஆனால் பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் மாதாமாதம் வருபவர்கள். அவர்களில் பலர் முற்பணம் கட்டியிருப்பார்கள். அந்தப் பணம் நமது வருமானம் அல்ல, செய்து முடிக்க வேண்டிய வேலைக்கான கடன். அவர்களுக்கு மாறும் செய்தியை மற்றெல்லோருக்கும் முன்னர் சொல்ல வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில் பிள்ளைகள் வருவது கூடும். அக்காலத்தில் கதவை மூடக் கூடாது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களில் ரமழானில் பலர் பல் சிகிச்சையைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்வர். தரையை உடைத்துக் குழாய் பதிக்க அதைவிட வசதியான மாதம் கிடையாது. புடவைக் கடைக்கோ இது நேரெதிர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எழுத்தும் அனுமதியும்

நமது வர்த்தகர்கள் பலர் வாய்ப்பேச்சிலும் ஒரு முத்திரைத் துண்டிலும் கடை எடுக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதிக் கைச்சாத்திடப்பட்டால்தான் சட்டத்தில் செல்லுபடியாகும். தரைக்கு அடியில் பல இலட்சங்களைப் புதைக்கப் போகிறவருக்கு அந்த உறுதிதான் அத்திவாரம். தரையை மாற்ற அனுமதி, பொருத்திய சாதனங்களைக் கழற்றிச் செல்லும் உரிமை, குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை, வருடாந்த வாடகை அதிகரிப்பு எத்தனை வீதம், இன்னொரு வைத்தியர் அங்கு வேலை செய்யலாமா, முற்பணம் எப்போது திரும்பும் ஆகிய ஆறும் அதில் எழுதப்பட வேண்டும். போட்ட பணத்தை ஆறு வருடத்தில் எடுப்பதாகக் கணக்கிட்டுவிட்டு இரண்டு வருடக் குத்தகை எழுதுவது கணக்கைக் கிழித்தெறிவதற்குச் சமம்.

வைத்தியரின் தகைமைப் பதிவு இலங்கை மருத்துவ சபையில் இருக்கும். அது அவருடன் கூடவே செல்லும். ஆனால் நிலையத்தின் பதிவு வேறு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நிலையம் பதிவு செய்யப்பட வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்துக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவிலும் முகவரியை மாற்ற வேண்டும். உள்ளூராட்சி மன்றத்திலும், மருத்துவக் கழிவை அகற்றும் ஏற்பாடு குறித்தும் விசாரிக்க வேண்டும். இவற்றைக் குத்தகை எழுதிய பின்னரல்ல, எழுதும் முன்னரே விசாரிப்பது புத்திசாலித்தனம்.

போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்

வைத்தியர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதில் கட்டுப்பாடுகள் உண்டு. கடைக்காரர் போல ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க முடியாது. எனவே அட்டையிலுள்ள தொலைபேசி இலக்கங்கள்தான் அவருடைய சொத்து. இரண்டு மாதத்துக்கு முன்னரே வருகிற ஒவ்வொருவரிடமும் புதிய முகவரியை அச்சிட்டுக் கொடுங்கள். மாறிய பின் ஒரு வருடத்துக்குள் வந்தவர்களுக்கு அழைப்பெடுத்தோ குறுந்தகவல் அனுப்பியோ சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் இடத்தைத் திருத்துங்கள். பழைய தொலைபேசி இலக்கத்தை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். முடிந்தால் பழைய இடத்தின் வாடகையை ஒரு மாதம் கூடுதலாகக் கட்டி, கதவில் அறிவித்தலைத் தொங்கவிடுங்கள். 40,000 ரூபாவுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவித்தல் கிடைக்காது. மாறிய முதல் சில மாதங்களில் வருமானம் குறைவது வழமை. ஆதலால் ஆறு மாத வாடகை கையில் இல்லாதவர் அது சேரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

உங்கள் கடைக்கு ஒரு பயிற்சி

இவ்வாரம் ஒரு தாளை எடுத்து ஐந்து விடயங்களை எழுதிப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரில் அதிகமானோர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள்? உங்கள் தொழிலில் நிரம்பியிருப்பது எது? இடமா, களஞ்சியமா, கையா? மாறினால் மாதாந்த மேலதிகச் செலவு எவ்வளவு, அதை ஈடுசெய்ய எத்தனை வாடிக்கையாளர் வேண்டும்? அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குக் கொப்பியில் சாட்சி உண்டா? உங்கள் குத்தகை முடிய இன்னும் எத்தனை மாதம்?

முதல் நான்குக்கும் பதில் எழுத முடியாவிட்டால், இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு எண்ணத் தொடங்குங்கள். ஐந்தாவதுக்கான பதில் பன்னிரண்டுக்குக் குறைவாக இருந்தால், மாறுவதாக எண்ணம் இல்லாவிட்டாலும் நாளைக்கே கட்டிட உரிமையாளரைச் சந்தித்துப் பேசுங்கள். இருப்பதோ போவதோ, அதைத் தீர்மானிக்கும் அவகாசம் உங்கள் கையில் இருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.